நான் நிறுத்திய குதிரை

புனே குதிரைப் பந்தய மைதானத்தில் நான் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். பந்தய நாட்களில் என் இடம் கூட்டத்தோடு அல்ல. மைதானத்தின் எதிர்ப்பக்கம், ஓட்டம் தொடங்குகிற இடத்தில் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் மாடம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். ஒலிபெருக்கிக் குரல் காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்துக் காதில் விழும், அல்லது விழாது. குதிரைகள் இரும்புக் கேட்டுக்குள் போய் நிற்கும்வரை அவற்றைக் கவனிப்பது என் வேலை. ஏதாவது ஒன்று சரியில்லை என்று பட்டால், ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் அதிகாரியிடம் ‘இது ஓடக் கூடாது’ என்று சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டர் என்று அழைக்கப்படும் அந்த அதிகாரி நான் சொன்னதை இதுவரை மறுத்ததில்லை. அதனாலேயே அந்த மூன்று வார்த்தைகள் என் வாயிலிருந்து லேசில் வருவதில்லை.

இங்கே மழைக்காலத்தில் ஓடும் பந்தயங்களில் ஆறு பர்லாங் கோப்பைக்குத் தனி மரியாதை உண்டு. ஆறு பர்லாங் என்றால் ஆயிரத்து இருநூறு மீட்டர். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள் யாருடைய குதிரை வேகம் என்று ஒருவருக்கொருவர் சவால் விட்டு ஓட்டியதில் ஆரம்பித்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பிறகு சமஸ்தான மன்னர்கள் வந்தார்கள், வெள்ளிக் கோப்பை வந்தது. மும்பையில் மழை கொட்டி மைதானம் குளமாகும் மாதங்களில் குதிரைகளும் மலையேறி இங்கே வரத் தொடங்கின. முதலில் கொடியை இறக்கி ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அப்புறம் குறுக்கே கட்டிய நாடாவைத் தூக்கினார்கள். இப்போது ஒரே நொடியில் திறக்கும் இரும்புக் கதவுகள். இத்தனை மாறியும் அந்தத் தூரத்தின் மேல் இருக்கும் மோகம் மட்டும் மாறவில்லை.

ஏன் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். ஹிஞ்ஜேவாடியில் மென்பொருள் வேலை பார்ப்பவர். குதிரையை என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் மயிராக மட்டுமே அறிந்தவர். நீண்ட ஓட்டத்தில் ஜாக்கி யோசிக்கலாம், குதிரையை அடக்கிவைக்கலாம், தப்புச் செய்தால் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. ஆறு பர்லாங்கில் அது கிடையாது. கதவு திறந்ததும் அரை நொடி தடுமாறினால் முடிந்தது. குதிரை கொஞ்சம்கூட மிச்சம் வைத்துக்கொள்ளாமல் ஓடும். பார்க்கிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், விடும்போது எல்லாம் முடிந்திருக்கும். இதைத்தான் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முழு வேகத்தில் ஓடும் குதிரையின் முன்னங்கால் ஒவ்வொரு முறை தரையில் பதியும்போதும் அதன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது. அந்தக் கால் நம் மணிக்கட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

இந்த வேலையில் சேர்ந்த ஐந்தாவது மழைக்காலத்தில் இது நடந்தது.

அந்த வருடம் கோப்பைக்கு எல்லோரும் எதிர்பார்த்தது நான்கு வயதுச் செம்பழுப்புப் பெண் குதிரை ஒன்றை. அதற்கு முந்தைய மூன்று ஓட்டங்களிலும் அவளை யாரும் நெருங்கவில்லை. அவளுடைய ட்ரெய்னர் அறுபது வயதைத் தாண்டியவர். மழையிலும் டை கட்டிக்கொண்டு வருவார். அவருடைய அப்பாவும் இதே மைதானத்தில் ட்ரெய்னராக இருந்தவர். அவளைக் கவனித்துக்கொண்டவர், சயீஸ் என்று இங்கே சொல்லப்படும் குதிரைக்காரர், நம்மூர்க்காரர். சென்னை வேளச்சேரிப் பக்கம் பிறந்து, கிண்டி லாயத்தில் வேலை கற்றுக்கொண்டு புனேவுக்கு வந்தவர். குடும்பம் நகரத்துக்குள் ஏரவாடாவில். ஆனால் அவர் பாதி நாள் லாயத்திலேயேதான் கிடப்பார். பார்க்கும்போதெல்லாம் “இன்னா டாக்டரம்மா, சாப்ட்டியா?” என்பார். நான் இதே புனேவில், கிர்கீ குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வீட்டுக்கு வெளியே எனக்குக் கிடைத்த ஒரே தமிழ் அவருடையதுதான். அதற்காகவே அந்த லாயத்தில் இரண்டு நிமிடம் அதிகம் நிற்பேன்.

கோப்பை நாளன்று காலை அவளைப் பரிசோதித்தேன். நான்கு கால்களையும் தடவிப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தன. நடக்கவைத்தேன், சீராக நடந்தாள். ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ட்ரெய்னர் தலையசைத்தார். குதிரைக்காரர் அன்றைக்கு நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. பெரிய நாளின் படபடப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மதியத்தில் தூறிக்கொண்டே இருந்தது. புல் நனைந்திருந்தாலும் தரை இறுக்கமாகத்தான் இருந்தது. கோப்பை ஓட்டத்துக்குப் பத்துக் குதிரைகள். அவள் கேட்டுக்குள் நுழைய அடம் பிடிப்பாள் என்பதால் குதிரைக்காரரும் தொடங்கும் இடத்துக்கு வர அனுமதித்திருந்தார்கள். மற்ற ஒன்பதும் உள்ளே போய்விட்டன. கடைசியாக அவளையும் தள்ளி நுழைத்தார்கள். நுழைந்த வேகத்தில் முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி, தோளைக் கம்பியில் இடித்துக்கொண்டாள். ஸ்டார்ட்டர் கையை உயர்த்தினார். அவளைப் பின்னால் இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள்.

“டாக்டர், சீக்கிரம் பாத்துடுங்க,” என்றார் ஸ்டார்ட்டர் இந்தியில்.

இது வழக்கமான வேலை. வாரத்துக்கு ஒருமுறையாவது நடப்பது. தோளில் தோல் லேசாகச் சிராய்த்திருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அப்படியே ‘சரி’ என்று சொல்லியிருக்கலாம், எல்லோரும் எதிர்பார்த்ததும் அதுதான். என்னவோ, ஒருமுறை துள்ளுநடையில் ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

ஜாக்கி சேணத்தில் இருந்தபடியே அவளை இருபது அடி ஓட்டிப் போனான். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி என்னை நோக்கி வந்தபோது, மூன்றாவது எட்டில் அவள் தலை ஒரு விரற்கடை மேலே எழும்பியது. முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். ஆனால் ஈரப்புல்லில் கால் வழுக்கினாலும் தூக்கும். பக்கத்துக் குதிரை கனைத்தாலும் தூக்கும்.

“இன்னொரு தடவை.”

இரண்டாம் முறை தலை அசையவே இல்லை.

“டாக்டர், உள்ள இருக்கிற ஒன்பதும் பொறுமை இழக்குது,” என்றார் ஸ்டார்ட்டர். கேட்டுக்குள் ஒரு குதிரை பின்கதவை உதைத்தது. அந்தச் சத்தம் என் முதுகுக்குள் இறங்கியது.

ஜாக்கி குனிந்து சொன்னான்: “மேடம், நான்தான் மேலே உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியாதா? குதிரை நல்லா இருக்கு.” கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இந்தக் கோப்பையை அவன் இன்னும் ஜெயித்ததில்லை.

குனிந்து வலது முன்னங்காலைப் பிடித்தேன். சூடாக இருந்தது. இடது காலைப் பிடித்தேன். அதுவும் சூடுதான். மாடத்துப் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்த குதிரைக்கு நான்கு கால்களும் சூடாகத்தான் இருக்கும். வலது காலின் எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே கீழே வந்தேன். ஓர் இடத்தில் தோல் சிலிர்த்தது. மழைத்துளியாக இருக்கலாம். என்னிடம் எக்ஸ்ரே இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு விரலும், தலை அசைந்ததா இல்லையா என்ற ஒரு சந்தேகமும்தான்.

நிமிர்ந்தபோது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த குதிரைக்காரரின் முகம் எனக்கு நேரே இருந்தது. அங்கே எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது.

“அண்ணா, இந்தக் கால்ல ஏதாவது இருந்துச்சா?”

அவர் குதிரையின் காதைப் பார்த்தார். “நீதான் பாத்தியே டாக்டரம்மா.”

“பாத்துட்டேன். நீங்க சொல்லுங்க.”

நான் கண்ணை எடுக்கவில்லை. ஸ்டார்ட்டர் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். குதிரைக்காரர் கடிவாளத்தை இன்னொரு கைக்கு மாற்றினார்.

“ஓட வேணாம்மா,” என்றார். உதடு அசைந்ததுகூட மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் திரும்பி ஸ்டார்ட்டரைப் பார்த்து, “ஏழாம் நம்பர் ஓடக் கூடாது. வலது முன்னங்கால்,” என்றேன்.

ஜாக்கி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஸ்டார்ட்டர் ஒரு வினாடி என்னை உற்றுப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார். அறிவிப்பு காற்றில் வந்தது. அதன் பின்னாலேயே மாடத்திலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி, மைதானத்தைக் கடந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. விலக்கப்பட்ட குதிரையின் மேல் கட்டிய பணம் திரும்பக் கிடைத்துவிடும். கோபம் அப்படித் திரும்பிப் போய்விடுவதில்லை. அதற்குள் கதவுகள் திறந்துவிட்டன. ஒன்பது குதிரைகளின் வால்கள் தூறலுக்குள் சிறுத்துப் போயின. யாரும் எதிர்பார்க்காத ஒரு சாம்பல் நிறக் குதிரை ஜெயித்தது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே மைதானத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தோம். நான்கு கோணங்களில் எடுத்துப் பார்த்தும் எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. ட்ரெய்னர் திரையின் முன்னால் வெகுநேரம் நின்றார். குதிரையின் உரிமையாளர் அவர் பின்னால் நின்றார்.

“சுத்தமா இருக்கு,” என்றார் ட்ரெய்னர். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்தது.

“மெல்லிய விரிசல் முதல் நாள் படத்துல தெரியாம இருக்கலாம் சார். பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சு மறுபடி எடுக்கணும்.”

“தெரியாம இருக்கலாம்,” என்று என் வார்த்தையையே திருப்பிச் சொன்னார் உரிமையாளர். “அப்படின்னா, இல்லாமலும் இருக்கலாம், இல்லையா டாக்டர்?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தப் பன்னிரண்டு நாட்களைப் போல் ஒரு காலத்தை நான் கழித்ததில்லை. என் பதினான்கு வயது மகள் மறுநாள் காலை கைபேசியை நீட்டினாள். மாடத்திலிருந்து யாரோ எடுத்த வீடியோ, கூட்டம் மராத்தியிலும் இந்தியிலும் கத்திக்கொண்டிருந்தது. “அம்மா, இது உன்னையா திட்றாங்க?” என்றாள். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்தக் கேள்வி மட்டும் தடுமாறாமல் வந்தது. கையெழுத்துப் போட்ட அதே கை மதியம் நிறுத்தியது எப்படி, யாருக்குச் சாதகமாக நிறுத்தினேன் என்று மைதானத்தில் பேசிக்கொண்டார்கள். காலையில் கேண்டீனில் என்னோடு டீ குடிக்கும் இரண்டு பேர் வேறு மேசைக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. பந்தய நிர்வாகிகள் மூன்று பேர் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

“காலையில் கால்கள் குளிர்ச்சியாக இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“ஆமாம்.”

“துள்ளுநடையில் ஒரு முறை மட்டுமே தலை அசைந்தது. அதை உங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை.”

“ஆமாம்.”

“வேறு யாராவது உங்களிடம் ஏதாவது சொன்னார்களா?”

ட்ரெய்னர் பக்கவாட்டு நாற்காலியில் இருந்தார். குதிரைக்காரரின் வேலை அவர் கையில் இருந்தது. காலில் ஏதோ இருப்பது ட்ரெய்னருக்கு முன்பே தெரியும், மறைக்கச் சொன்னதே அவர்தான் என்று நான் அப்போது நிச்சயமாக நம்பினேன். நான் பெயரைச் சொன்னால் அன்று சாயங்காலமே ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

“இல்லை. என் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொன்னேன்,” என்றேன்.

விசாரணையில் பொய் சொன்னேன். பாதிப் பொய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அது நிற்கவில்லை. இரண்டாம் எக்ஸ்ரே வரும்வரை முடிவைத் தள்ளிவைத்தார்கள். அதுவரை பந்தய நாட்களில் தொடங்கும் இடத்துக்கு நான் போக வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் மதியம் நான் மருத்துவமனைப் பின்கட்டில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். குதிரைக்காரர் வந்து நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

“டாக்டரம்மா, உன்னாண்ட ஒன்னு சொல்லணும்.”

“சொல்லுங்க அண்ணா. உங்க பேர நான் எங்கயும் சொல்லல.”

“அதுக்குத்தாம்மா வந்தேன்.” அவர் கீழே பார்த்தார். “ரெண்டு நாள் முன்னாடியே அந்தக் கால்ல சூடு இருந்துச்சு. அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஐஸ் தண்ணி பக்கெட்ல அவ கால வெச்சு நின்னேன். ஒரு மணி நேரம். நீ வர்றதுக்குள்ள தொடச்சி வுட்டேன்.”

குழாயை மூடினேன். “ட்ரெய்னர் செய்யச் சொன்னாரா?”

“அவருக்குத் தெரியாது.”

ஐந்து நாட்களாக நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனுஷருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

“ஏன் அண்ணா?”

“இருவது வருஷம் ஆச்சும்மா இந்த வேலைக்கு வந்து. எத்தினி குதிரைய கழுவியிருக்கேன், நடத்தியிருக்கேன். கோப்பை ஜெயிச்ச குதிரைய ஒருவாட்டிகூட கையில புடிச்சிக்கினு அந்த ஜனத்துக்கு முன்னாடி நடந்ததில்ல. இவ ஜெயிப்பான்னு எனக்குத் தெரியும். சின்ன சூடு, ஒரு நிமிஷ ஓட்டம், தாங்கிடுவான்னு நெனச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கேட்டாண்ட நீ கேட்டப்போ அவ என் தோள்மேல மூக்க வெச்சிருந்தா. அதுக்குமேல என்னால முடியல.”

பரிதாபம் வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. “குதிரைய விடுங்க அண்ணா. அதுமேல ஒரு பையன் உக்காந்திருந்தான். அவன நெனச்சிங்களா?”

அவர் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ட்ரெய்னர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லணும். நான் விசாரணையில சொன்னதயும் மாத்தணும்.”

“வேலை போயிடும்மா.”

“போகலாம்.”

அவர் போன பிறகு கருவிகளை முதலிலிருந்து மறுபடியும் கழுவினேன். அன்றும் மறுநாளும் ட்ரெய்னர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் குதிரைக்காரர் சொல்லிவிட்டாரா, இல்லையா என்று அவர் முகத்தைத் தேடினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ட்ரெய்னரே என் அறைக் கதவைத் தட்டினார். உட்காரவில்லை.

“அவன் சொல்லிட்டான்,” என்றார். பிறகு, “நான்தான் மறைச்சேன்னு நினைச்சீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாம் சார்.”

டையைத் தளர்த்திக்கொண்டார். “நினைக்கத்தான் செய்வாங்க. இந்தத் தொழில்ல அப்படிச் செஞ்சவங்க இருக்காங்க.” கதவுவரை போய்த் திரும்பினார். “ஆனா ரெண்டு நாள் சூடு இருந்த காலை நானும் தொட்டுப் பார்த்திருக்கணும். பார்க்கல. அதையும் நாளைக்குச் சொல்லப் போறேன்.”

மறுநாள் நாங்கள் மூவரும் அந்த நீள மேசைக்கு முன்னால் தனித்தனியாகப் போய் நின்றோம். நான் என் பொய்யைச் சொன்னேன். எழுத்தில் கண்டித்தார்கள், அந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. குதிரைக்காரருக்கு அந்த சீசன் முழுக்க லாயத்துக்குள் வரத் தடை. ஏரவாடாவில் மைத்துனருடைய டெம்போவில் மூட்டை ஏற்றப் போனார். அடுத்த வருடம் ட்ரெய்னர் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வேறு குதிரைகளுக்குத்தான், அந்தப் பெண் குதிரையை அவரிடம் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தால் இப்போதும் வணக்கம் சொல்வார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பதில்லை.

பன்னிரண்டாம் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது. வலது முன்னங்கால் நீள எலும்பில், மூட்டிலிருந்து மேல்நோக்கி, பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி ஒரு கோடு. சுற்றிலும் எலும்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் தொடங்கியிருந்ததால்தான் அது கண்ணுக்கே பட்டது. உரிமையாளர் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். அவளை நான்கு மாதம் லாயத்தில் ஓய்வாக வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் பிறகு அவளை ஓட்டவில்லை, குட்டி போடுவதற்காகப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

படம் வந்த இரண்டு நாளில், ஒரு பந்தய மதியம், அந்த ஜாக்கி என் அறைக்கு வந்தான். அடுத்த ஓட்டத்துக்கான பட்டுச் சட்டையோடு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மேடம், அந்தப் படத்தைப் பார்க்கலாமா?”

திரையில் போட்டுக் காட்டினேன். எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்தேன். கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

“ஓடியிருந்தா, இது எங்க உடைஞ்சிருக்கும்?”

“உறுதியாச் சொல்ல முடியாது. உடையாமலும் இருந்திருக்கலாம்.”

“உடைஞ்சிருந்தா?”

“வளைவுல. உடம்போட மொத்த பாரமும் வலது காலுக்கு வர்ற இடத்துல.”

அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. “நான் முன்னாலதான் போயிருப்பேன். அவ எப்பவும் முன்னாலதான் போவா,” என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பின்னால ஒன்பது குதிரை,” என்றான்.

வெளியே அடுத்த ஓட்டத்துக்கான மணி அடித்தது. அவன் நிமிர்ந்து தலைக்கவசத்தைப் போட்டான். தாடைக்குக் கீழே பட்டையை மாட்டுவதற்குள் அது இரண்டு முறை கைநழுவியது. மூன்றாவது முறை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், குதிரை ஏறப் போனான்.